விழாத இடம்

மே பதினாறு.
கிண்டர்ஸ்லிக்கு மேற்கே எத்தனை கல் பொறுக்கினாலும்
அடுத்த வருஷம் மறுபடி கல் முளைக்கிற எங்கள் நிலம்.
விதைக்கிற வண்டியை அன்று நான் ஓட்டினேன்.
பின்னால் அறுபதடி அகலத்துக்குக் கோதுமையும் யூரியாவும்
பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் இறங்கிக்கொண்டிருந்தன.

போன் அடித்தது. வங்கி.
எட்டி எடுக்கையில் முழங்கை ஒரு பொத்தானில் பட்டது.
உரத்துக்குக் கேட்ட இரண்டாவது கடன்
தேறிவிட்டதாம்.
நன்றி, மிக்க நன்றி, ஆமாம், ஆப்ரமிடம் சொல்கிறேன், நன்றி.
வைத்துவிட்டுப் பார்த்தால்
உரப்பெட்டியின் விளக்கு சிவப்பு.

கடன் வந்ததை ஆப்ரமிடம் சொன்னேன்.
விளக்கைச் சொல்லவில்லை.

அப்புறம் மழை வரவில்லை.
வந்த மேகமெல்லாம் எல்லையோரம் வரை வந்து
யாரையோ விசாரித்துவிட்டுத் திரும்பிற்று.
ஜூலையில் கோதுமை கணுக்கால் உயரம்.
காப்பீட்டுக்காரர் குத்தவைத்து உட்கார்ந்து எண்ணினார்;
அதிக நேரம் ஆகவில்லை.
கருகிய பிறகு
உரம் விழுந்த இடமும் விழாத இடமும் ஒரே நிறம்.
தப்பித்தேன்.

அக்டோபரில் மண் பரிசோதனைத் தாள் வந்தது.
இரண்டடி ஆழம் வரை, ஏக்கருக்குத்
தொண்ணூற்று நான்கு பவுண்டு தழைச்சத்து.
போட்டது போட்டபடி.
ஆக்கி இறக்கி மூடிவைத்து
ஒருவரும் கை நனைக்காத சோறு.
அதன் வட்டி மட்டும் எங்கள் வீட்டில் மாதாமாதம் சாப்பிட்டது.

கடுகு போட்டால் அள்ளித் தின்றுவிடும் என்றார் ஆப்ரம்.
கடுகு விதைக்குக் காசில்லை.
கொட்டகையில் இருந்தது சிவப்புப் பருப்பு.
கப்பலேறிப் போய்ச் சேருகிற நாட்டில்
அதற்கு மைசூர் என்று பேராம்,
வாங்க வந்த ஏஜெண்ட் சொன்னான்.
மைசூர் எங்கே இருக்கிறது என்று
அவனுக்கும் தெரியவில்லை.

நுண்ணுயிர் கலந்த கரும்பொடியில் விதையைப் புரட்டினோம்,
காற்றில் இருப்பதைப் பிடித்து வேரில் முடிந்துகொள்ளட்டும் என்று.
இந்த முறை மழை வந்தது.
வளர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு கரும்பச்சை.
அலாய்ஸ் டிரக்கை நிறுத்தி, எங்கள் வேலியில் சாய்ந்து
நிதானமாகப் பொறாமைப்பட்டுவிட்டுப் போனார்.

பச்சைதான். பூவைக் காணோம்.
நடுவில் மட்டும் ஒரு பட்டை,
குட்டையாக, கொஞ்சம் வெளிறி,
நுனியெல்லாம் பூ.
பட்டை எங்கே தொடங்குகிறது என்று
நான் பார்க்கத் தேவையில்லை.

ஆப்ரம் அங்கே ஒரு செடி, இங்கே ஒரு செடி தோண்டி
வாளித் தண்ணீரில் அலசினார்.
செழித்த செடியின் வேர்
தைக்காத நூல் மாதிரி வெள்ளையாக இருந்தது.
நுண்ணுயிர் கதவைத் தட்டியிருக்கும்;
உள்ளே எல்லாம் இருக்கிறது, போய்வா என்று
பதில் வந்திருக்கும்.
செடியைக் குறை சொல்ல முடியாது.
இலவசமாகக் கிடைத்திருந்தால் நானும்
காற்றைப் பிசைந்துகொண்டு இருக்கமாட்டேன்.

பட்டையின் செடியில் முடிச்சு முடிச்சாக இருந்தது.
ஒன்றை நகத்தால் கீறினார்.
உள்ளே இளஞ்சிவப்பு,
பால்பல் விழுந்த ஈறு போல.

“இங்கே என்ன நடந்தது?”
மண்ணைக் கேட்டாரோ என்னைக் கேட்டாரோ.
“கடன் கிடைத்தது” என்றேன்.
பிறகு பொத்தானைப் பற்றியும் சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை.
வேரை வாளியிலேயே விட்டுவிட்டு
வீட்டுக்கு நடந்தார்.

செப்டம்பர் முதல் வாரம்.
பட்டை காய்ந்து, தொட்டால் கிலுகிலுத்தது.
மீதி நிலம்
இப்போதுதான் பூக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
ரேடியோவில் உறைபனி பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.
ஆப்ரம் பட்டையின் தலைமாட்டில் நின்று
எட்டு வைத்து எண்ணிக்கொண்டே போனார்,
தொப்பி மட்டும் தெரிகிற தூரம்.
திரும்பி வந்தார்.

“நானூற்றுப் பத்து எட்டு, வெர்னா.
இவ்வளவு நேரமா
நன்றி சொன்னாய்?”